விரிசலுக்கு முன்பே தண்ணீர் சொல்லும்: வீட்டைச் சுற்றியுள்ள தளம் இறங்கும்போது நாம் செய்யும் தவறுகள்

எங்கள் வீட்டு போர்டிகோ இறங்குகிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவர் அம்மா. வாசல் தெளித்துக் கழுவிவிடும் தண்ணீர் எப்போதும் கேட் பக்கம்தான் ஓடும். அந்த வருடம் அது தூணடியில் போய்த் தேங்கியது. “வாட்டம் மாறிப்போச்சுடா” என்றார். குனிந்து பார்த்தேன், தரையில் ஒரு கீறல்கூட இல்லை. அப்படியே விட்டுவிட்டேன். அடுத்த ஐப்பசி மழை முடிந்தபோது தூணுக்கும் தரைக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்திருந்தது.

விரிசலை மட்டுமே தேடுவதுதான் முதல் தவறு. தளம் உடையாமலே ஒரு பக்கமாகச் சாயும். அல்லது அடியில் மண் இறங்கிப் போன பிறகும் சில காலம் பாலம்போல் தாங்கி நிற்கும். அதுவரை வெடிப்பு எதுவும் தெரியாது. தெரிபவை வேறு. மழை விட்டதும் இதுவரை இல்லாத இடத்தில் குட்டை நிற்கும். கேட் தரையில் உரசும், தாழ்ப்பாள் துளையில் சேராது. சுவரின் அடியில், தரை முன்பு தொட்டுக்கொண்டிருந்த இடத்தில், பெயின்ட் படாத மெல்லிய பட்டை ஒன்று வெளியே வரும். இந்தப் பட்டையைப் பார்த்தால் சந்தேகத்துக்கே இடமில்லை, தரை அவ்வளவு கீழே போயிருக்கிறது. சந்தேகமான இடத்தை இரும்புக் கம்பியால் தட்டிப் பாருங்கள். மண் அணைந்திருக்கும் இடத்தில் கெட்டியான சத்தம் வரும், அடியில் காலியாக இருந்தால் பானையைத் தட்டுவதுபோல் கேட்கும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. கீறல் கண்டதும் வீடே இறங்குகிறது என்று பதறுவது. தரை முழுக்க வலைபோல் மெல்லிசாகப் பரவியிருப்பவை பெரும்பாலும் சரியாகத் தண்ணீர் விட்டு ஆற்றாததால் வந்தவை. விரிசலுக்குக் குறுக்கே நகத்தை ஓட்டுங்கள். ஒரு பக்கம் தாழ்ந்து நகம் தட்டினால்தான் கவலை.

வீடும் போர்டிகோவும் ஒரே தரையில் நிற்பதாகத் தோன்றினாலும் இரண்டின் கதையும் வேறு. வீட்டுச் சுவர் அஸ்திவாரத்தின் மேல் நிற்கிறது. போர்டிகோ, பக்கச் சந்து, வாசற்படி எல்லாம் பெரும்பாலும் கொட்டி நிரப்பிய மண்ணின் மேல் மட்டுமே கிடக்கின்றன. அஸ்திவாரக் குழியை மூடும்போது தோண்டிய மண்ணையே செங்கல் துண்டு, சிமெண்ட் பை எல்லாம் சேர்த்து ஒரேயடியாகத் தள்ளிவிடுவார்கள். திமிசு போடாத, அதாவது கட்டையால் இடித்து இறுக்காத அந்த மண் ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அமரும். கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்துக் கரிசலில் இன்னொரு தொல்லையும் சேர்கிறது. அந்த மண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். அங்கே சித்திரையில் ஒருமுறையும் கார்த்திகையில் ஒருமுறையும் அளந்து பார்க்காமல் எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

நான் அதிகம் வருந்துவது அடுத்த தவறுக்காக. விரிசல் கண்டதும் சிமெண்டைக் குழைத்துப் பூசிவிடுகிறோம். பூச்சு அடியிலுள்ள பள்ளத்தை நிரப்பாது, ஆனால் நம்மிடமிருந்த ஒரே சாட்சியை மறைத்துவிடும். அதற்குப் பதில் விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். அகலத்தை அளந்து குறித்து வையுங்கள். மாதம் ஒருமுறை அதே இடத்தில் நின்று படம் எடுங்கள். நீளுகிறதா, நின்றுவிட்டதா என்பது தெரிந்தால்தான் யாரிடமும் பேச முடியும்.

பூச்சைவிட மோசமானது, இறங்கிய தளத்தின் மேலேயே இன்னொரு தளம் போடுவது. சில மேஸ்திரிகளே இதைச் சொல்வார்கள், ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். 10 சென்டிமீட்டர் கனத்துக்குப் போடும் காங்கிரீட் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 240 கிலோ எடை. தாங்க முடியாமல் இறங்கிய மண்ணின் தலையில் அதையும் ஏற்றுகிறோம். வெளித்தரை உயர உயர, மழைத்தண்ணீர் வீட்டுக்குள் ஏறுவதும் சுலபமாகிறது.

உண்மையில் தேட வேண்டியது தண்ணீரை. 1,000 சதுர அடி மொட்டை மாடியில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 930 லிட்டர். அது முழுவதும் ஒரே குழாய் வழியாக வீட்டு மூலையில் கொட்டினால் அந்த மூலை மண் என்ன ஆகும்? எங்கள் தூணடியில் நடந்தது அதுதான். குழாயின் முழங்கை உடைந்து வருடக்கணக்காக அங்கேயே கொட்டியிருக்கிறது. அடுத்துப் பார்க்க வேண்டியது சம்ப். இரவு படுக்கும்முன் வரும் தண்ணீரையும் மோட்டாரையும் நிறுத்திவிட்டு நீர்மட்டத்தில் கோடு போடுங்கள், விடியற்காலையில் மட்டம் குறைந்திருந்தால் கசிகிறது. பெருச்சாளி வளையையும் லேசாக எண்ண வேண்டாம். சந்தின் ஓரத்தில் ஒரு கூடை மண் குவிந்திருந்தால் அது தளத்துக்கு அடியிலிருந்து வந்த மண். மழைநீர் அந்த வளைக்குள் புகுந்து மீதியையும் அரித்துக்கொண்டு போகும்.

செப்டிக் டேங்க் மூடியோ அதைச் சுற்றிய தரையோ தாழ்ந்தால் மட்டும் கவனித்துக்கொண்டே இருக்காதீர்கள். அன்றே கயிறு கட்டி மறியுங்கள், குழந்தைகளையும் வண்டியையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். என்ன ஆயிற்று என்று பார்க்க யாரும் உள்ளே இறங்கக் கூடாது. அங்கே தேங்கும் வாயு உயிரை எடுக்கும். ஜன்னல் மூலைகளில் சுவர் சாய்வாக வெடித்தாலோ, கதவு நிலையில் இறுகினாலோ அது போர்டிகோ விஷயம் அல்ல. கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

தண்ணீரை வழிமாற்றிய பிறகுதான் தளத்தில் கை வைக்க வேண்டும். நாங்கள் பழைய தளத்தைப் பெயர்த்து, குப்பை மண்ணை அள்ளிவிட்டு, கிராவலை 15 சென்டிமீட்டர் அடுக்குகளாகப் போட்டு, ஒவ்வொன்றையும் நனைத்து திமிசு போட்டோம். புதுத் தளத்தைச் சுவரோடு ஒட்டவிடாமல் ஓரத்தில் சிறு இடைவெளி விட்டுத் தார் நிரப்பினோம். சுவரிலிருந்து வெளிப்பக்கமாக மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் வாட்டம். காய்ந்ததும் அம்மா ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். கேட்டை நோக்கி ஓடியது.