நாயோடு ஸீ பாயிண்ட் நடைபாதையில் இறங்கும் முன்

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனுக்கு வேலை கிடைத்து வரும் நம்மவர்கள் என்னிடம் வாடகை கேட்கிறார்கள், வங்கிக் கணக்கு கேட்கிறார்கள், முருங்கைக்காய் எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார்கள். நாயைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. நானும் கேட்காமல்தான் இருந்தேன். கேட்காத குற்றத்துக்கு நான்கு மாத வாடகைப் பணம் கைவிட்டுப் போனது.

அது என் நாய்கூட இல்லை. பக்கத்து வீட்டு ஆயாவின் நாய். அவருடைய முன்னோர் கரும்புத் தோட்ட வேலைக்காகக் கப்பலில் டர்பன் வந்து இறங்கியவர்கள். இப்போது அந்த வீட்டில் பேச்சு முழுக்க ஆங்கிலம்தான். தமிழில் மிஞ்சியிருப்பது சில உறவுப்பெயர்கள், சில குழம்புகள், நாயின் பெயர்: மணி. தைப்பூசக் காவடிக்கு டர்பன் புறப்பட்டபோது, "ரெண்டு வாரம் பார்த்துக்கோ தம்பி" என்று அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் தமிழில் சொல்லி, சங்கிலியை என் கையில் கொடுத்தார். மறுக்க மனம் வரவில்லை. ஊரில் அம்மாவும் அப்படித்தான் அடுத்த வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டுத் திருச்செந்தூர் போவாள்.

அரசாங்க வேலைகள் அதிகமில்லை. வெறிநோய்த் தடுப்பூசி சட்டப்படி கட்டாயம். அட்டையைப் பத்திரமாக வையுங்கள். பொது இடத்தில் கயிற்றில் பிடித்துத்தான் அழைத்துச் செல்ல வேண்டும், அவிழ்த்துவிட அனுமதித்த இடங்கள் தனியே உண்டு. கழிவை அள்ளப் பை எடுத்துப் போங்கள். டேபிள் மலைத் தேசியப் பூங்காவுக்குள் நாயோடு நடக்கத் தனி அனுமதிச் சீட்டு வேண்டும். இன்னொன்று: 2024இல் இந்தக் கடற்கரையின் கடல்நாய்களிடம் (சீல்) வெறிநோய் இருப்பது உறுதியானது. மணலில் ஒரு கடல்நாய் படுத்திருந்தால் உங்கள் நாயை அதன் பக்கமே விடாதீர்கள்.

இவ்வளவையும் நான் சரியாகச் செய்தேன். நாய் கயிற்றில்தான் இருந்தது. அந்தக் கயிறுதான் ஆளைக் கவிழ்த்தது.

கடைகளில் பிளாஸ்டிக் கைப்பிடிக்குள் தானாகச் சுருளும் கயிறு விற்கிறார்கள். பொத்தானை விட்டால் ஐந்து மீட்டர் நீளும், அழுத்தினால் நிற்கும். நாய்க்குச் சுதந்திரம், நமக்கு நிம்மதி என்று நினைத்து வாங்கினேன். கோடையில் இங்கே தென்கிழக்குக் காற்று வீசும். ஊர்க்காரர்கள் அதற்குக் கேப் டாக்டர் என்று செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு அது வைத்தியம் பார்க்கவில்லை. ஸீ பாயிண்ட் கடலோர நடைபாதையில், கிரீன் பாயிண்டில் 1824இலிருந்து நிற்கும் சிவப்பு வெள்ளைக் கலங்கரை விளக்கத்தைத் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். நான் கடல் சுவரோரம். மணி எதிர்ப்பக்கப் புல்லில் எதையோ முகர்ந்துகொண்டிருந்தது. நடுவில் பாதையின் குறுக்கே மீன்தூண்டில் நரம்பு போல ஒரு கயிறு.

பின்னால் வந்த சைக்கிள்காரர் மணியடித்திருக்கிறார். காற்றில் எனக்குக் கேட்கவில்லை. அவர் கத்தியபோதுதான் திரும்பினேன். திரும்பியதும் கயிற்றைப் பிடித்து இழுத்தேன், அதுதான் நான் செய்த பிழை. பொத்தானை அழுத்தி நிறுத்தியிருந்ததால் தரையில் தளர்ந்து கிடந்த கயிறு விறைத்து முழங்கால் உயரத்துக்கு எழும்பியது. முன்சக்கரம் அதில் மாட்ட, மனிதர் கைப்பிடிக்கு மேலாகப் பறந்து விழுந்தார். காறை எலும்பு முறிந்தது. மணிக்கு ஒரு கீறல்கூட இல்லை, வாலை ஆட்டிக்கொண்டு அவர் முகத்தை நக்கப் போனது.

மார்ச் மாதம் இங்கே 109 கிலோமீட்டர் சைக்கிள் பந்தயம் நடக்கும். 1978இல் தொடங்கியது. கேப் டவுன்காரர்களுக்கு அது ஒரு திருவிழா. அவர் அதற்குப் பணம் கட்டிவிட்டுப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தவர். எலும்பைவிட அந்தப் பந்தயம் போனதில்தான் அவருக்கு வருத்தம் அதிகம். வழக்கறிஞர் கடிதம் இரண்டே வாரத்தில் வந்தது.

நாய் ஆயாவுடையது, எனக்கென்ன என்றுதான் முதலில் இருந்தேன். நம் ஊரில் நாய் தெருவுக்குச் சொந்தம். யார்மேல் விழுந்தாலும் விதிமேல் பழி போட்டுவிட்டுப் போய்விடலாம். இங்கே ரோமானியர் காலத்துச் சட்டம் ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. நாய் தன் குணத்துக்கு மாறாகத் தானாகப் பாய்ந்து யாரையாவது காயப்படுத்தினால், உரிமையாளர்மேல் தவறே இல்லாவிட்டாலும் இழப்பீடு தர வேண்டும். தெருவில் போன ஒருவரை மூன்று நாய்கள் கடித்து அவர் கையை இழந்த வழக்கில், வேறு யாரோ கதவைத் திறந்துவிட்டார்கள் என்று உரிமையாளர் சொன்னதை மேல்முறையீட்டு உச்ச நீதிமன்றம் 2020இல் ஏற்கவில்லை. ஆனால் நாயைப் பொறுப்பேற்ற வேறொருவரின் அஜாக்கிரதையால் தீங்கு நேர்ந்தால் உரிமையாளர் தப்பலாம். மாட்டுவது பொறுப்பேற்றவர். அதாவது, "பார்த்துக்கோ தம்பி" என்றதற்குத் தலையாட்டிய தம்பி. போதாததற்கு 1993ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, அஜாக்கிரதையால் விலங்கு ஒருவரைக் காயப்படுத்தினால் அபராதம் அல்லது 2 ஆண்டு வரை சிறை என்கிறது. என் விஷயம் அதுவரை போகவில்லை. தவணையில் கட்டி முடித்தேன்.

ஆகவே, அந்தச் சுருள் கயிற்றை இந்த நடைபாதைக்குக் கொண்டுவராதீர்கள். ஒன்றரை மீட்டர் சாதாரண வார் போதும். இடப்பக்கமாக நடங்கள், நாய் உங்களுக்கும் இடப்பக்கம் இருக்கட்டும். சைக்கிள்கள் வலப்பக்கமாகத் தாண்டும். நாய் எதிர்ப்பக்கம் போய்விட்டால் இழுக்காதீர்கள், கயிற்றைத் தளரவிட்டு நீங்களே நாயின் பக்கம் போய்விடுங்கள். காதில் பாட்டு வேண்டாம். நாயைக் கண்டதும் ஒதுங்கி நிற்கும் முதியவர்களைப் பார்த்து, "ஒன்றும் செய்யாது" என்று சிரிக்காதீர்கள். நிறவெறிக் காலத்தில் போலீஸ் நாய்களை ஏவிய நாடு இது, அவர்கள் பயத்துக்குக் காரணம் உண்டு. வீட்டுப் பொருள் காப்பீடு எடுக்கும்போது, பிறருக்கு நேரும் காயத்துக்கான பொறுப்பும் அதில் அடங்குமா, இரவல் நாய்க்கும் சேர்த்தா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

டர்பனிலிருந்து ஆயா விபூதிப் பொட்டலத்தோடு திரும்பினார். நடந்ததை முழுக்கக் கேட்டுவிட்டு, மணிக்கு இரண்டு வாரமும் தயிர்சாதமா போட்டாய் என்று கோபித்துக்கொண்டார். இழப்பீட்டில் பாதியைத் தருகிறேன் என்றார், நான் வாங்கவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டில் எனக்கு மீன்குழம்பு.