குடும்பத்தோடு கும்பகோணத்தை ஒரே நாளில் நடந்து பார்ப்பது எப்படி?

கும்பகோணத்தின் முக்கியமான கோயில்கள் ஒன்றுக்கொன்று நடக்கிற தூரத்தில்தான் இருக்கின்றன. இருந்தும் பல குடும்பங்கள் பாதியில் களைத்துத் திரும்பிவிடுகின்றன. பகல் 12 மணி வாக்கில் கோயில்களைச் சாத்திவிடுவார்கள். 4 மணிக்கு மேல்தான் திறப்பார்கள். அதற்குள் வெளிப்பிரகாரக் கல்லும் கொதிக்கத் தொடங்கிவிடும். இந்த இரண்டையும் கணக்கில் வைத்துப் போட்ட வரிசை இது.

முதலில் நாள். மார்கழி முதல் மாசி வரை நடக்க ஏற்ற காலம். மாசி மகத்தன்று மட்டும் வேண்டாம், கூட்டத்தில் எதையும் நிதானமாகப் பார்க்க முடியாது. 12 ஆண்டுக்கு ஒரு முறை வரும் மகாமகம் 2016இல் நடந்தது, அடுத்தது 2028.

எடுத்துக்கொள்ள வேண்டியவை: ஐந்து பேருக்கு மூன்று லிட்டர் தண்ணீர், தொப்பி, சில்லறை. கழற்றி மாட்ட எளிதான செருப்பு போதும். வார் வைத்த ஷூ போட்டால் ஒவ்வொரு வாசலிலும் ஐந்து நிமிடம் போய்விடும்.

காலை 6.30, மகாமகக் குளம். ரயில் நிலையத்திலிருந்து நடந்தே வந்துவிடலாம். கரையைச் சுற்றி 16 மண்டபங்கள். தஞ்சையை ஆண்ட நாயக்கர்களின் அமைச்சர் கோவிந்த தீட்சிதர் கட்டியவை. ஒரு மண்டபத்தின் விதானத்தில் அரசன் தராசில் அமர்ந்திருக்கும் துலாபாரச் சிற்பம் உண்டு, பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள். வடகரையில் காசி விஸ்வநாதர் கோயில்; கங்கை, காவிரி உள்ளிட்ட ஒன்பது நதிகளும் அங்கே கன்னியராக நிற்கிறார்கள்.

8 மணிக்கு டிபன். இட்லிக்குக் கடப்பா கிடைத்தால் விடாதீர்கள். உருளைக்கிழங்கும் பாசிப்பருப்பும் சேர்ந்த இந்த ஊர்க் குழம்பு எல்லாக் கடையிலும் எல்லா நாளும் இருக்காது, கேட்டுவிட்டு உட்காருங்கள்.

8.45, நாகேஸ்வரன் கோயில். அவசரமே கூடாத இடம் இதுதான். முற்காலச் சோழர் கட்டிய கற்கோயில். கருவறையின் வெளிச்சுவர் மாடங்களில் நிற்கும் ஆண், பெண் உருவங்களின் முகத்தைப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஒரு தனி ஆள். அடித்தளத்தில் உள்ளங்கை அளவில் ராமாயணக் காட்சிகள் ஓடுகின்றன. நின்றபடி பார்த்தால் தெரியாது, குனியவோ உட்காரவோ வேண்டும். பெரும்பாலோர் தரிசனம் முடித்ததும் கிளம்பி, இவ்வளவையும் தவறவிடுகிறார்கள். முக்கால் மணி நேரம் கொடுங்கள்.

9.45, சாரங்கபாணி கோயில். பதினொரு நிலைக் கோபுரம். யானையும் குதிரையும் இழுக்கும் தேர் வடிவில் கருவறை. தை முதல் ஆனி வரை உத்தராயண வாசல், ஆடி முதல் மார்கழி வரை தட்சிணாயன வாசல். இன்று எது திறந்திருக்கும் என்று பிள்ளைகளையே சொல்ல வையுங்கள். செருப்பை எந்த வாசலில் விட்டீர்களோ அந்த வாசல் வழியாகவே வெளியே வாருங்கள். வேறு வழியாக வந்துவிட்டால் வெறுங்காலோடு தார் ரோட்டில் கோயிலைச் சுற்ற நேரும்.

பொற்றாமரைக் குளத்தைத் தாண்டினால் கும்பேஸ்வரர் கோயில். இதைக் காலை நடையின் கடைசியில் வைத்ததற்குக் காரணம், வாசலிலிருந்து உள்ளே போகிற நீண்ட மண்டபம். 11 மணி வெயிலிலும் அங்கே கால் சுடாது. இருபுறமும் கடைகள் இருப்பதால், எதுவானாலும் திரும்பும்போது வாங்கலாம் என்று பிள்ளைகளிடம் முன்பே பேசிவையுங்கள். மணலும் அமுதமும் கலந்து உருவான லிங்கம் என்பது ஐதீகம். அதனால் நீர் அபிஷேகம் கிடையாது, புனுகு சாத்துவார்கள்.

12 முதல் 4.30 வரை சாப்பாடும் ஓய்வும். வயதானவர்கள் இருந்தால் அரை நாளுக்காவது அறை எடுத்துவிடுங்கள். இந்தச் செலவைச் சுருக்கினால் மாலை நடை நடக்காது. எழுந்ததும் பித்தளை டபராவில் ஒரு டிகிரி காபி.

மாலையில் ராமசாமி கோயில். ரகுநாத நாயக்கர் காலத்தது. முன்மண்டபத் தூண்களில் உள்ள சிற்பங்களில் நகை, துணி மடிப்பு வரை செதுக்கியிருக்கிறார்கள். பிரகாரச் சுவரில் ராமாயண ஓவியங்கள். இருட்டினால் சரியாகத் தெரியாது என்பதால் முதலில் இங்கே வாருங்கள். பிறகு கடைத்தெரு வழியே வடக்கே நடந்தால் சக்கரபாணி கோயில், அதை அடுத்துக் காவிரி. தண்ணீர் ஓடும் மாதங்களில் படித்துறைப் பாசி வழுக்கும், பிள்ளைகளின் கையை விடாதீர்கள். ரயில் நிலையம் ஊரின் மறுகோடியில் இருக்கிறது. அங்கே போக மட்டும் ஆட்டோ பிடியுங்கள்.