1986 வேர்ல்டு சீரிஸ்: ஆறாவது ஆட்டத்தை ஸ்கோர் அட்டையில் எழுதிப் பழகுவது எப்படி?

1986 அக்டோபர் 25ஆம் தேதி இரவு, நியூயார்க்கின் ஷே அரங்கில், நியூயார்க் மெட்ஸ் அணியும் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியும் அமெரிக்கப் பேஸ்பாலின் இறுதித் தொடரான வேர்ல்டு சீரிஸின் ஆறாவது ஆட்டத்தை ஆடின. பாஸ்டனுக்காக முதல் பேஸில் களத்தடுப்பில் நின்ற பில் பக்னரின் கால்களுக்கு இடையே பந்து உருண்டோடிய ஒரே ஒரு காட்சியாகத்தான் பலர் இந்த ஆட்டத்தை அறிந்திருக்கிறார்கள். பேஸ்பால் ஸ்கோர் அட்டையை எழுதக் கற்க விரும்புவோருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இந்த ஆட்டத்தையே. ஒவ்வொரு நிகழ்வையும் தம் கையால் கட்டத்தில் குறித்துக்கொண்டே வருபவர், அந்தக் காட்சிக்கு முன் என்னவெல்லாம் நடந்தன என்பதைத் தவறவிட முடியாது.

முழு ஒளிப்பதிவு இன்றும் காணக் கிடைக்கிறது. பென்சில், அழிப்பான், கோடிட்ட பெரிய தாள் இரண்டு ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, அணிக்கு ஒரு தாளாக ஒதுக்குங்கள். இடப்பக்கம் ஒன்பது பேட்டர்களுக்கு ஒன்பது வரிசைகளும், மேற்புறம் இன்னிங்ஸ்களுக்குக் குறைந்தது பத்துப் பத்திகளும் தேவை. ஒவ்வொரு பெயருக்கும் கீழே மாற்று ஆட்டக்காரர்களின் பெயர்களை எழுத இடம் விடுங்கள்; இந்த ஆட்டத்தில் அது கட்டாயம் தேவைப்படும். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் மைதானத்தின் வடிவில் ஒரு சிறு சாய்சதுரத்தை வரையுங்கள். அதன் கீழ்முனை, பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட். வலமுனை முதல் பேஸ். மேல்முனை இரண்டாம் பேஸ். இடமுனை மூன்றாம் பேஸ்.

அடுத்து எண்களை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். பந்து வீசும் பிட்சர் 1, ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்கும் ஷார்ட் ஸ்டாப் 6, இடப்புற வெளிக்களம் 7, நடு வெளிக்களம் 8, வலப்புற வெளிக்களம் 9. இவை சட்டையில் உள்ள எண்கள் அல்ல, நிற்கும் இடத்துக்கான எண்கள். ஷார்ட் ஸ்டாப் பந்தை எடுத்து முதல் பேஸுக்கு எறிந்து பேட்டரை அவுட் ஆக்கினால் 6-3 என்று எழுத வேண்டும். உயர எழுந்த பந்தை நடு வெளிக்களத்தில் பிடித்தால் எஃப்8. மூன்று ஸ்ட்ரைக்குகள் ஆகிப் பேட்டர் வெளியேறும் ஸ்ட்ரைக் அவுட்டுக்கு 'கே' என்ற குறி. 19ஆம் நூற்றாண்டில் ஸ்கோர் எழுதும் முறையை வகுத்த ஹென்றி சாட்விக் காலத்திலிருந்து வரும் குறி அது. களத்தடுப்புப் பிழைக்கு 'இ', அதனுடன் பிழை செய்தவரின் இட எண். மூன்று அவுட்டுகளில் ஓர் அணியின் பாதி இன்னிங்ஸ் முடியும்; எத்தனையாவது அவுட் என்பதைக் கட்டத்தின் மூலையில் எழுதி வட்டமிடுங்கள். பேஸ்களைச் சுற்றி ஹோம் பிளேட்டுக்குத் திரும்பி ரன் எடுத்தால் சாய்சதுரத்தை முழுவதுமாக நிரப்புங்கள்.

பாஸ்டன் அணியின் வரிசையை இப்படி எழுதுங்கள்: போக்ஸ், பாரெட், பக்னர், ரைஸ், எவன்ஸ், கெட்மன், ஹெண்டர்சன், ஓவன், கிளெமென்ஸ். பிட்சரான ரோஜர் கிளெமென்ஸ் ஒன்பதாவதாகப் பேட் செய்ய வந்ததற்குக் காரணம் உண்டு. பிட்சருக்குப் பதிலாக வேறொருவர் பேட் செய்யும் விதி, வேர்ல்டு சீரிஸில் அந்த ஆண்டு முதல், பாஸ்டன் இடம்பெற்ற அமெரிக்கன் லீக் அணியின் சொந்த மைதானத்தில் நடக்கும் ஆட்டங்களுக்கு மட்டுமே பொருந்தியது. எட்டாவது இன்னிங்ஸில் கிளெமென்ஸுக்குப் பதிலாக மைக் கிரீன்வெல் பேட் செய்து ஸ்ட்ரைக் அவுட் ஆனார். அவர் பெயரை அதே வரிசையில் கிளெமென்ஸுக்குக் கீழே எழுதி, கட்டத்தின் இடப்பக்கம் ஒரு தடித்த கோடு போடுங்கள். அடுத்துப் பந்து வீச வந்த கால்வின் ஷிரால்டியின் பெயர் அதற்கும் கீழே வரும்.

தொடக்க இன்னிங்ஸ்களை நிதானமாக எழுதிப் பழகலாம். ஏழாவது இன்னிங்ஸில் மட்டும் ஒளிப்பதிவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். மெட்ஸ் அணியின் மூன்றாம் பேஸ் ஆட்டக்காரர் ரே நைட் தவறாக எறிந்தது இ5. அந்தப் பிழையின் தொடர்ச்சியாகவே பாஸ்டன் 3-2 என முன்னிலை பெற்றது. அதே இன்னிங்ஸில் ஜிம் ரைஸ் ஹோம் பிளேட்டை நோக்கி ஓடியபோது, இடப்புற வெளிக்களத்தில் இருந்த மூக்கி வில்சன் எறிந்த பந்து அவரை அவுட் ஆக்கியது, குறி 7-2. நைட், வில்சன் என்ற இவ்விரு பெயர்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எட்டாவது இன்னிங்ஸில் மெட்ஸ் ஒரு ரன் எடுத்து 3-3 எனச் சமன் செய்தது.

பத்தாவது இன்னிங்ஸின் முதல் பாதியில் ஹெண்டர்சன் ஒரே அடியில் ஹோமுக்குத் திரும்பும் ஹோம் ரன் அடித்தார். இரண்டு அவுட்டுகளுக்குப் பின் போக்ஸ் இரண்டாம் பேஸை அடைய, பாரெட்டின் சிங்கிள் (அடித்தவர் முதல் பேஸை எட்டும் அடி) அவரை ஹோமுக்குக் கொண்டுவந்தது. பாஸ்டன் 5, மெட்ஸ் 3.

இனி வரும் பாதி இன்னிங்ஸுக்காகத்தான் இத்தனை ஏற்பாடும். பேக்மன் எஃப்7, முதல் அவுட். ஹெர்னாண்டஸ் எஃப்8, இரண்டாவது அவுட். 1918க்குப் பின் பட்டம் வெல்லாத பாஸ்டனுக்கு இன்னும் ஒரே ஒரு அவுட் போதும். கேரி கார்ட்டர் சிங்கிள் அடிக்கிறார். ஹோம் முனையிலிருந்து முதல் பேஸ் முனைவரை கோடு இழுங்கள். ஐந்தாவது வரிசையில் ஸ்ட்ராபெரியின் பெயருக்குக் கீழே பிட்சர் அகிலேராவின் பெயர் ஏற்கெனவே இருக்கும். அதற்கும் கீழே கெவின் மிட்செல் என்று எழுதி அவருக்கும் ஒரு சிங்கிள் குறியுங்கள். அடுத்து வந்த நைட், இரண்டு ஸ்ட்ரைக்குகளுக்குப் பின், அதாவது ஆட்டம் முடிய இன்னும் ஒரே ஒரு ஸ்ட்ரைக் எஞ்சியிருந்தபோது, சிங்கிள் அடித்தார். கார்ட்டரின் சாய்சதுரத்தை நிரப்புங்கள். மிட்செலின் கோட்டை மூன்றாம் பேஸ்வரை நீட்டுங்கள். அவர்களை முன்னேற்றியவர் வரிசையில் ஆறாவதாக ஆடிய நைட் என்பதால், இரு கோடுகளின் பக்கத்திலும் 6 என்று சிறிதாக எழுதுங்கள். 5-4.

ஷிரால்டி வெளியேறி பாப் ஸ்டான்லி பந்து வீச வருகிறார். எந்தப் பிட்சர் யாரைப் பேஸில் விட்டுச் சென்றார் என்பது பின்னர் கணக்குக்கு வேண்டும் என்பதால், இந்த இடத்தில் குறுக்காக ஒரு கோடு போடுவது மிக அவசியம்.

இப்போது பேட் செய்பவர் மூக்கி வில்சன். அவருக்கு வீசப்பட்ட பத்துப் பந்துகளையும் கட்டத்தின் ஓரத்தில் 1 முதல் 10 வரை எண்ணிட்டு எழுதுங்கள். ஏழாவது பந்து கேட்சர் கெட்மனுக்கு எட்டாமல் பின்னால் ஓடியது. அதிகாரப்பூர்வக் கணக்கில் அது கேட்சரின் தவறாகச் சேராமல் 'வைல்டு பிட்ச்' ஆகப் பிட்சரின் பெயரில் சேர்ந்தது. அதன் குறியான 'டபிள்யூ.பி.'யை மிட்செலின் கட்டத்தில் எழுதி, அவருடைய சாய்சதுரத்தை நிரப்புங்கள். நைட்டின் கட்டத்திலும் அதே குறியை எழுதி அவரை இரண்டாம் பேஸுக்கு நகர்த்துங்கள். பிறகு ஓரத்தில் ஸ்கோரைப் பெரிதாக எழுதுங்கள்: 5-5. பந்து பக்னரிடம் வருவதற்கு முன்பே பாஸ்டனின் முன்னிலை போய்விட்டது. பல ஆண்டுகள் அந்த மனிதர்மேல் சுமத்தப்பட்ட பழி எவ்வளவு அநியாயமானது என்பதை எனக்கு உணர்த்தியது இந்தச் சிறு குறிதான்.

பத்தாவது பந்தை வில்சன் முதல் பேஸ் பக்கமாகத் தட்ட, அது பக்னரின் கால்களுக்கு இடையே சென்றது. வில்சனின் கட்டத்தில் இ3 என்று எழுதி முதல் பேஸ்வரை கோடு இழுங்கள். நைட்டின் சாய்சதுரத்தை நிரப்புங்கள். மெட்ஸ் 6, பாஸ்டன் 5. ஏழாவது இன்னிங்ஸில் இ5 வாங்கியவரே வெற்றி ரன்னை எடுத்தவர். இதே அட்டைகளில் 7-2 என்று பதிவான பந்தை எறிந்தவரே அந்தப் பந்தை அடித்தவர்.

இனிக் கூட்டிப் பாருங்கள். பாஸ்டன்: 5 ரன், 13 ஹிட், 3 பிழை. மெட்ஸ்: 6 ரன், 8 ஹிட், 2 பிழை. எண்கள் பொருந்தவில்லை என்றால் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரர்களின் வரிசையில்தான் தவறு இருக்கும். வெற்றி ரன் எடுத்த நைட்டைப் பேஸில் விட்டுச் சென்றவர் ஷிரால்டி என்பதால் தோல்வி அவர் பெயரில் சேரும். ஆனால் அந்த ரன் களத்தடுப்புப் பிழையால் வந்ததால், அவர் கொடுத்த நான்கு ரன்களில் மூன்று மட்டுமே பந்துவீச்சுச் சராசரிக்கு எடுத்துக்கொள்ளப்படும்.

மழையால் ஒரு நாள் தள்ளி, அக்டோபர் 27 அன்று நடந்த ஏழாவது ஆட்டத்துக்கும் புதிய தாள்களை எடுங்கள். அதில் மெட்ஸ் 8-5 என வென்று பட்டத்தைக் கைப்பற்றியது. அந்த ஆட்டத்தின் எட்டாவது இன்னிங்ஸில், பக்னரின் பெயருக்கு நேரே உள்ள கட்டத்தில் முதலில் ஒரு சிங்கிளைக் குறிப்பீர்கள். சற்று நேரத்தில் எவன்ஸ் அடித்த டபுளில் (அடித்தவர் இரண்டாம் பேஸை எட்டும் அடி) பக்னர் ஹோமுக்கு வந்ததும், அந்தச் சாய்சதுரத்தையும் நிரப்புவீர்கள்.