கப்பல் ரீஃபிட்டுக்குப் போனா வீட்டோட தொடர்பு விடாம பாத்துக்கிறது எப்படி? நேவி குடும்பத்துக்குப் புதுசா வந்தவங்களுக்கு

கப்பல் ரீஃபிட்டுக்கு, அதாவது ரிப்பேர் பண்ணிப் புதுப்பிக்கப் போகுதுன்னு கேட்டதும் நிறைய வீட்டுல ஒரு நிம்மதி வந்துடும். கரையோரமாத்தானே நிக்கப்போகுது, இனி தினமும் பேசலாம், லீவு கிடைக்கும், பிள்ளை பிறந்தநாளுக்கு வந்துடுவாருன்னு மனசுல கணக்கு ஓட ஆரம்பிச்சிடும். ஆனா நான் பாத்த வரைக்கும் புதுசா கல்யாணம் ஆகி வந்த பொண்ணுங்க அதிகமா ஒடிஞ்சு போறது இந்த ரீஃபிட் சமயத்துலதான். செயிலிங்னா, அதாவது கப்பல் கடல்ல இருந்தா, போன் வராதுன்னு தெரியும், மனசு அதுக்குத் தயாரா இருக்கும். ரீஃபிட்ல வரும் வரும்னு போனைக் கையில வச்சுட்டு உக்காந்திருப்போம், வராது, "கரையிலதானே இருக்கார், அஞ்சு நிமிஷம் கூடவா கிடைக்கல"ன்னு சண்டை அங்கதான் ஆரம்பிக்கும்.

இதுக்கு ஒரே வழி, அவர் போனை மட்டும் நம்பி இல்லாம முன்னாடியே சில ஏற்பாடு பண்ணி வச்சுக்கிறது. இந்தியன் நேவியில இருக்கிற மாலுமிகளோட மனைவி, அப்பா அம்மா எல்லாருக்கும் சேத்துத்தான் எழுதுறேன், ஒவ்வொண்ணா பண்ணிக்கிட்டே வாங்க.

முதல் வேலை: ரீஃபிட்ல என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்கோங்க

மும்பை, விசாகப்பட்டினம் ரெண்டு ஊர்லயும் நேவல் டாக்யார்டு இருக்கு, கொச்சி, கார்வார்ல நேவியோட ரிப்பேர் யார்டு இருக்கு, இது போக கொச்சின் ஷிப்யார்டு மாதிரி இடத்துக்கும் கப்பலை அனுப்புவாங்க. கப்பலோட சொந்தத் துறைமுகம் ஒண்ணா இருக்கும், ரிப்பேர் நடக்குற ஊர் வேறயா இருக்கும். நம்ம விமானந்தாங்கிக் கப்பல் ஐஎன்எஸ் விக்ரமாதித்யாவுக்குத் துறைமுகம் கார்வார், ரீஃபிட்டுக்குப் போறது கொச்சி. அப்போ குடும்பம் ஒரு ஊர்ல, அவர் ஒரு ஊர்லன்னு ஆயிடும்.

சின்ன ரீஃபிட் சில மாசம், பெருசுன்னா ஒரு வருஷத்தையும் தாண்டும். முதல்ல கப்பலை டிரை டாக்ல, அதாவது தண்ணியை வெளியேத்திட்டு வேலை பாக்குற தொட்டியில, ஏத்துவாங்க, அடிப்பாகம் வேலை முடிஞ்சதும் தண்ணியில இறக்குவாங்க, அப்புறம் துறைமுகத்துல நிறுத்தியே மெஷினை எல்லாம் ஓட்டிப் பாப்பாங்க, கடைசியா கடல் சோதனை. வேலை பெருசுன்னா கப்பல்ல ஏசி, தண்ணி, சமையல்கட்டு எல்லாம் நின்னுடும், ஆளுங்களை கரையில பாரக்ஸுக்கு, அதாவது மாலுமிங்க தங்குற கட்டடத்துக்கு, மாத்துவாங்க. ஆனா கப்பலை ஆளில்லாம விட மாட்டாங்க, டியூட்டி வாட்ச், அதாவது முறை வச்சுக் காவல் பாக்குறது, ராத்திரி பகல்னு இருந்துக்கிட்டே இருக்கும். வெல்டிங் நடக்குற இடத்துல தீ பிடிக்காம பாத்துக்க ஒருத்தர் பக்கத்துலயே நிக்கணும். கொளுத்துற வெயில்ல இரும்புத் தளத்துல பகல் முழுக்க நின்னுட்டு பாரக்ஸுக்கு வர்ற மனுஷன் போனை எடுத்த கையோட தூங்கிடுறது சகஜம், அதைப் பாசம் குறைஞ்சு போச்சுன்னு எடுத்துக்காதீங்க.

இன்னொண்ணு, 2019 டிசம்பர்ல இருந்து போர்க்கப்பல்லயும் நேவி தளத்துக்குள்ளயும் ஸ்மார்ட்போனுக்கும் ஃபேஸ்புக் மாதிரி விஷயங்களுக்கும் தடை. அதனால பகல்ல பத்து தடவை அடிச்சாலும் எடுக்க முடியாது. மிஸ்டு கால் எண்ணிக்கையைப் பாத்து அவருக்குப் பதட்டம்தான் வரும், வீட்டுல ஏதோ ஆயிடுச்சோன்னு.

ரெண்டாவது: ஒரு தாள்ல எழுதி வைங்க

இதை இன்னைக்கே பண்ணுங்க, தள்ளிப் போடாதீங்க. ஒரு வெள்ளைத் தாள்ல அவரோட முழுப் பேர் (சர்வீஸ் ரெக்கார்டுல இருக்கிற மாதிரி), ரேங்க், பெர்சனல் நம்பர், கப்பல் பேர், அவர் எந்த டிபார்ட்மென்ட், டிவிஷனல் ஆபீசர் பேரும் நம்பரும், கப்பலோட ரெகுலேட்டிங் ஆபீஸ் (மாலுமிங்களோட ஒழுங்கு, லீவு விஷயத்தைப் பாக்குற ஆபீஸ்) நம்பர், கூட வேலை பாக்குற நம்பிக்கையான ரெண்டு பேரோட நம்பர், அவங்க வீட்டம்மாக்களோட நம்பர், இதெல்லாம் எழுதணும். நேவியில ஒவ்வொரு மாலுமிக்கும் அவரோட நல்லது கெட்டதைப் பாத்துக்க ஒரு டிவிஷனல் ஆபீசர் உண்டு, அவர்கிட்ட நீங்க பேசுறதுல தயக்கமே வேண்டாம், அது அவரோட வேலையில ஒரு பகுதி.

தாளை மூணு காப்பி எடுங்க. ஒண்ணு உங்ககிட்ட, ஒண்ணு ஊர்ல அத்தை மாமாகிட்ட, ஒண்ணு உங்க அம்மா வீட்டுல. போன்ல போட்டோ எடுத்து குரூப்ல போடாதீங்க, தாளாவே இருக்கட்டும். அத்தைக்கு எழுத்து சின்னதா இருந்தா தெரியாதுன்னா பெருசா எழுதிக் குடுங்க, நம்பரை எல்லாம் தமிழ்ல பேரோட.

அப்படியே நேவியோட குடும்பநல அமைப்பு இருக்கே, எல்லாரும் என்டபிள்யூடபிள்யூஏன்னு சொல்றது, அதுல உங்க கப்பல் குடும்பங்களைப் பாத்துக்கிற அக்கா யாருன்னு கேட்டு ஒரு தடவை நேர்ல போய் பேசிட்டு வந்துடுங்க. மொழி தெரியலையேன்னு ஒதுங்காதீங்க. வைசாக்லயும் கொச்சியிலயும் தமிழ் பேசுறவங்க இல்லாத குவார்ட்டர்ஸ் நான் பாத்தது இல்ல.

மூணாவது: பேசுறதுக்கு ஒரு முறை வச்சுக்கோங்க

ரீஃபிட் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ரெண்டு பேரும் உக்காந்து பேசி முடிவு பண்ணணும். டியூட்டி இல்லாத நாள்ல சாயங்காலம் வேலை முடிஞ்சு லிபர்டி (வெளிய போக அனுமதி) கிடைச்சதும் அவர் கூப்பிடணும், டியூட்டி நாள்ல போன் இல்லை. முந்தின நாளே "நாளைக்கு டியூட்டி"ன்னு ஒரு வார்த்தை அனுப்பிட்டா போதும், வீட்டுல ஒருத்தரும் முழிச்சுட்டு உக்காந்திருக்க வேண்டாம்.

அடுத்தது ஒரு சின்ன நோட்டு. கால் வந்தா "சாப்பிட்டியா, நீ சாப்பிட்டியா"லயே பாதி நேரம் போயிடும், வச்சப்புறம்தான் ஸ்கூல் ஃபீஸ் ஞாபகம் வரும். அதனால தோணும்போதே நோட்டுல எழுதி வைங்க, அவர் முடிவு சொல்ல வேண்டியதை மேல எழுதுங்க, சும்மா சொல்ல வேண்டியதைக் கீழ. முடிவு கேக்குற விஷயத்தை மெசேஜ்லயே இப்படி அனுப்பலாம்: "நாங்க நல்லா இருக்கோம். பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுருச்சு, இன்னைக்கு இட்லி சாப்பிட்டா. ஃபீஸ் வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டணும், உன் அக்கவுண்ட்ல இருந்து கட்டட்டுமா? சரின்னு மட்டும் அனுப்பு, பேசிக்கலாம்." முதல் வரியிலயே நல்லா இருக்கோம்னு சொல்லிடணும், ஏன்னா அவர் ராத்திரி டியூட்டி முடிஞ்சு போனை ஆன் பண்ணும்போது "பாப்பாவுக்குக் காய்ச்சல்"னு மட்டும் கண்ணுல பட்டா திரும்பக் கூப்பிட்டு நீங்க தூங்கிட்டீங்கன்னா அந்த மனுஷன் விடியற வரைக்கும் தவிப்பார்.

குழந்தைங்களுக்கு வாய்ஸ் மெசேஜ்தான் நல்லது. நேரம் ஒத்து வரலன்னாலும் அவர் குரல்ல ஒரு கதை ராத்திரி படுக்கும்போது கேக்கும், பிள்ளை பதில் பேசி அனுப்பினா அவர் காலையில கேட்டுட்டு வேலைக்குப் போவார். வயசானவங்களுக்கு இதெல்லாம் வராது, அவங்களுக்கு ஞாயித்துக்கிழமை ஒரு கால்னு நாள் குறிச்சுக் குடுத்துடுங்க, அந்தக் கால் மட்டும் தவறக் கூடாது. மருமக கிட்ட தினம் பேசுறான், எங்ககிட்ட பேச மாட்டேங்கிறான்ங்கிற வருத்தம் இந்த ஒரு ஏற்பாட்டுல பாதி தீர்ந்துடும்.

நாலாவது: முடியுற தேதியை யாருக்கும் சொல்லாதீங்க, நீங்களும் பிடிச்சுக்காதீங்க

ரீஃபிட் தேதி தள்ளிப் போகும். பழைய கப்பலைத் திறந்து பாத்தாத்தான் உள்ள எவ்வளவு துரு, எந்தக் குழாய் போச்சுன்னே தெரியும், அதுக்கப்புறம் ஸ்பேர் வரணும். மறுபடியும் விக்ரமாதித்யாவையே சொல்றேன். ரஷ்யாவுல செவெரோத்வின்ஸ்க்ல அதைப் புதுப்பிச்சு 2012 டிசம்பர்ல குடுக்கிறதா இருந்துச்சு. செப்டம்பர்ல கடல் சோதனையில பாய்லர்ல கோளாறு வந்து, கடைசியில 2013 நவம்பர் 16 அன்னைக்குத்தான் நம்ம நேவியில சேந்துச்சு. கிட்டத்தட்ட ஒரு வருஷம். நம்ம ஆளுங்க அந்தக் குளிர்ல அங்க இருந்தாங்க, வீடெல்லாம் இங்க இருந்துச்சு. அவ்வளவு பெரிய கப்பலுக்கே அப்படின்னா மத்த கப்பல் தேதியை நம்பி மண்டபம் புக் பண்ணாதீங்க. காதுகுத்து, கிரகப்பிரவேசம் எல்லாம் அவர் லீவு சாங்ஷன் ஆன பிறகு வச்சுக்கலாம்.

பிள்ளைங்க கிட்டயும் "இத்தனாம் தேதி அப்பா வருவார்"னு சொல்ல வேண்டாம். "வேலை முடிஞ்சதும் வருவார், இந்த வாரம் சனிக்கிழமை பேசுவார்"னு சொல்லுங்க, ரெண்டாவது சொன்னது நடந்துட்டா பிள்ளை முதலாவதுக்குக் காத்திருக்கும்.

நீங்க அவர் இருக்கிற ஊருக்குப் போறதா இருந்தா, ரயில் முன்பதிவு 2024 நவம்பர் 1ல இருந்து 60 நாள்தான், முன்னாடி மாதிரி 120 நாள் கிடையாது. முன்னாடியே எடுத்து வைங்க, லீவு மாறினா சீக்கிரம் கேன்சல் பண்ணுங்க, கடைசி நேரம் வரைக்கும் வச்சிருந்தா பிடித்தம் அதிகம். தங்குற இடம் உறுதியாகாம சின்னப் பிள்ளைங்களோட கிளம்பாதீங்க.

அஞ்சாவது: வெளிய என்ன பேசலாம், என்ன பேசக் கூடாது

இதை நான் ரொம்ப அழுத்திச் சொல்றேன். 2019ல ஆந்திரா போலீஸ் நேவி ஆளுங்க ஏழு பேரைக் கைது பண்ணாங்க, உளவாளிங்க அவங்ககிட்ட சோஷியல் மீடியாவுல பொண்ணு பேர்ல வந்து பேசிப் பேசி கப்பல் எங்க போகுதுன்னு தகவல் வாங்கியிருந்தாங்க. அந்த டிசம்பர்லயே போன் தடையும் வந்துச்சு. அவர்கிட்ட போன் இல்லன்னா அடுத்து யார்கிட்ட கேப்பாங்க? நம்மகிட்டதான்.

"ஸ்பேர் இன்னும் வரலையாம், கப்பல் அப்படியே நிக்குதாம்"னு அக்கா தங்கச்சி குரூப்ல புலம்புறது சாதாரணமாத் தெரியும். ஆனா இந்தக் கப்பல் இப்போ கடலுக்குப் போக முடியாதுன்னு ஊருக்கே சொல்ற மாதிரி அது. கப்பல் பேர், எந்த டாக், என்ன பழுது, எப்போ முடியும், எத்தனை பேர் லீவுல இருக்காங்க, இதெல்லாம் எழுதவே கூடாது. கப்பல் பின்னாடி தெரியிற மாதிரி போட்டோவும் ஸ்டேட்டஸும் வேண்டாம். அவர் நல்லா இருக்காரான்னு யாராவது கேட்டா "நல்லா இருக்கார், வேலை அதிகம்" போதும்.

வெளிநாட்டுத் துறைமுகத்துல பழுதாகி நின்னுட்டா

போன இடத்துல மெஷின் கோளாறு வந்து ஓமன், ஜிபூட்டி, சிங்கப்பூர் மாதிரி எங்கயாவது கூடுதலா சில நாள் நிக்கிறது நடக்கும். அப்போ அவர் உள்ளூர் சிம் வாங்கி கூப்பிடுவார், நம்பர் 968ல ஆரம்பிச்சா ஓமன், 253 ஜிபூட்டி, 230 மொரீஷியஸ், 65 சிங்கப்பூர். வெளிநாட்டு நம்பர்ல மோசடி காலும் நிறைய வருதே, அதனால ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்ச ஒரு கேள்வியை முன்னாடியே பேசி வச்சுக்கோங்க, வீட்டு ஆடு பேரோ, ஊர்ல பக்கத்து வீட்டுத் தாத்தாவைக் கூப்பிடுற பட்டப்பேரோ. "உங்க வீட்டுக்காரருக்கு ஆக்சிடென்ட், பணம் அனுப்புங்க"ன்னு எவனாவது பேசினா அந்தக் கேள்வியைக் கேளுங்க, பதில் இல்லன்னா வச்சுட்டு தாள்ல இருக்கிற ரெகுலேட்டிங் ஆபீஸ் நம்பருக்கு அடிங்க.

நேர வித்தியாசம்: ஓமன் நம்மளை விட ஒன்றரை மணி நேரம் பின்னாடி, ஜிபூட்டி ரெண்டரை மணி நேரம் பின்னாடி, சிங்கப்பூர் ரெண்டரை மணி நேரம் முன்னாடி. அவருக்கு ராத்திரி எட்டு மணின்னா நமக்கு ஜிபூட்டில இருந்து பத்தரை, பிள்ளை தூங்கியிருக்கும், மதியமே வாய்ஸ் மெசேஜ் அனுப்பி வச்சிடுங்க.

டிவியில கப்பல் பேர் வந்துட்டா

2024 ஜூலை 21 அன்னைக்கு மும்பை டாக்யார்டுல ரீஃபிட்ல இருந்த ஐஎன்எஸ் பிரம்மபுத்ரால தீப்பிடிச்சு, மறுநாள் கப்பல் ஒரு பக்கமா சாஞ்சுடுச்சு. ஒரு மாலுமியைக் காணோம்னு சொன்னாங்க, பிறகு அவர் உடல்தான் கிடைச்சுது. அந்த நாள்கள்ல அந்தக் கப்பல் குடும்பங்கள் எப்படித் தவிச்சிருக்கும்னு நினைச்சாலே நெஞ்சு அடைக்குது.

இப்படி ஒரு செய்தி வந்தா எல்லாரும் ஒரே நேரத்துல அவர் நம்பருக்கு அடிக்காதீங்க. குடும்பத்துல ஒருத்தர் மட்டும் பேசுறதுன்னு முன்னாடியே முடிவு பண்ணிடுங்க, அவர் ரெகுலேட்டிங் ஆபீஸுக்கும் டிவிஷனல் ஆபீசருக்கும் அடிப்பார், மத்தவங்க அவர்கிட்ட கேட்டுக்கணும். செய்திக்கு நேவியோட அதிகாரப்பூர்வ எக்ஸ் பக்கத்தை மட்டும் பாருங்க. வாட்ஸ்அப்ல சுத்துற வீடியோ எந்த வருஷத்தோடதுன்னே தெரியாது, அத்தை போன்ல அது ஓடாம பாத்துக்கோங்க. யாராவது அடிபட்டவங்க பேரைச் சொன்னா, உறுதியா தெரிஞ்சிருந்தாலும் நீங்க எங்கயும் சொல்ல வேண்டாம், அந்த வீட்டுக்கு நேவி முறையா சொல்லட்டும்.

வீட்டுல அவசரம்னா

முன்னெல்லாம் "அம்மா சீரியஸ், உடனே வா"ன்னு தந்தி அடிப்பாங்க, 2013 ஜூலையோட தந்தியே நின்னு போச்சு. இப்போ போன்தான். கப்பல் ரெகுலேட்டிங் ஆபீஸுக்கு அடிச்சு பெர்சனல் நம்பரை முதல்ல சொல்லுங்க, அப்புறம் யாருக்கு என்ன, எந்த ஹாஸ்பிடல், டாக்டர் என்ன சொன்னார்னு சுருக்கமா. அட்மிட் சீட்டு, டாக்டர் எழுதின சீட்டு ரெண்டையும் போட்டோ எடுத்து வைங்க, அவசர லீவு கேக்கும்போது அவருக்கு உதவும். ஊர்ல அப்பா அம்மா மட்டும் இருந்து போன் பேசத் தெரியலன்னா மாவட்ட அளவுல முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கு, இப்ப சர்வீஸ்ல இருக்கிறவங்க குடும்பத்துக்கும் அவங்க உதவுவாங்க, அந்த நம்பரையும் தாள்ல சேத்துடுங்க.

சும்மா அன்பா எழுதணும்னா தபால் இன்னும் இருக்கு. கப்பல் பேர், கீழ ஃப்ளீட் மெயில் ஆபீஸ் (நேவிக்கான தபால் ஆபீஸ்) முகவரின்னு அவர் குடுக்கிற மாதிரியே எழுதுங்க, கப்பல் எங்க இருந்தாலும் அவங்க சேத்துடுவாங்க. பிள்ளை வரைஞ்ச படத்தைப் பாரக்ஸ் கட்டில் பக்கத்துல ஒட்டி வச்சிருக்கிறவங்க எத்தனையோ பேர்.

ரீஃபிட் முடியப்போகுதுன்னு தெரிஞ்சா

கடல் சோதனை ஆரம்பிச்சதும் தினம் வந்த போன் திடீர்னு சில நாள் நிக்கும். முன்கூட்டியே அத்தை மாமாவுக்குச் சொல்லி வைங்க, இல்லன்னா பயந்துடுவாங்க. ஏடிஎம் கார்டு, ஜாயின்ட் அக்கவுண்ட், ஹாஸ்பிடல் டிபெண்டன்ட் கார்டு எல்லாம் சரியா இருக்கான்னு அந்த வாரமே பாத்துக்கோங்க. அப்புறம் அந்தத் தாள். நீண்ட ரீஃபிட்ல பாதிப் பேர் ட்ரான்ஸ்பர் ஆயிருப்பாங்க, டிவிஷனல் ஆபீசரும் மாறியிருப்பார், கூட வேலை பாத்தவர் வேற கப்பலுக்குப் போயிருப்பார். அவர் கிளம்புறதுக்கு முன்னாடி ஒவ்வொரு நம்பரா கேட்டு பழசை அடிச்சுட்டு புதுசு எழுதுங்க, மூணு காப்பியிலயும் மாத்துங்க, ஊர்ல இருக்கிற காப்பியை போன்லயே படிச்சுக் காட்டச் சொல்லி சரிபாத்துக்கோங்க.