பாரிஸ்–லண்டன் விமானம் 20 நிமிடமா?

பாரிஸிலிருந்து லண்டனுக்கு டிக்கெட் போட்ட தம்பி, 8:00-க்குக் கிளம்பி 8:20-க்கு இறங்குது என்று பார்த்துவிட்டு, "இருபதே நிமிஷம்தாம்மா" என்று போனில் சொன்னான். அம்மாவின் கவலை, அதற்குள் காபி கொடுத்து முடிப்பார்களா என்பது. டிக்கெட்டில் போடுவது அந்தந்த ஊர் நேரம், லண்டன் கடிகாரம் பாரிஸுக்கு ஒரு மணி நேரம் பின்னால், ஆக உண்மையில் அது 1 மணி 20 நிமிடம். லண்டன்–ஏதென்ஸ் டிக்கெட் இன்னும் ஏமாற்றும்: அங்கே 2 மணி நேர வித்தியாசம், அதனால் போகும்போது ஆறு மணி நேரம் போலவும் திரும்பும்போது இரண்டு மணி நேரம் போலவும் தெரியும். இரண்டுமே நாலு மணி நேரத்தை ஒட்டித்தான், திரும்பும்போது மேல்காற்று எதிரே அடிப்பதால் கொஞ்சம் கூடுதல்.

தூரத்தை வேகத்தால் வகுப்பதும் உதவாது. லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்துக்கும் பாரிஸின் சார்ல் த கோல் விமான நிலையத்துக்கும் நேர்கோட்டில் சுமார் 350 கி.மீ., ஜெட் மணிக்கு 850 கி.மீ. பறக்கும், அப்படியானால் 25 நிமிடம் என்றுதான் கணக்கு வரும். ஆனால் அட்டவணை நேரம் விமானம் கேட்டை விட்டு நகர்வதில் தொடங்கி மறுமுனைக் கேட்டில் நிற்பதில்தான் முடிகிறது. ஓடுபாதை வரை ஊர்ந்து, வரிசையில் நின்று, ஏறி, முழு வேகத்தில் சிறிது நேரம்கூடப் பறப்பதற்குள் இறங்க ஆரம்பிக்க வேண்டும், 10,000 அடிக்குக் கீழே வேக வரம்பு பொதுவாக 250 நாட்தான், அதாவது மணிக்கு 460 கி.மீ. சொச்சம். ஹீத்ரோவில் நெரிசல் என்றால் லண்டனைச் சுற்றி நாலு இடங்களில் விமானங்களை அடுக்கடுக்காகச் சுற்றவிடுவார்கள், அதில் ஒன்று தென்கிழக்கே பிக்கின் ஹில் பக்கம். ஜன்னலோரம் இருந்தால் தெரியும், கொஞ்சம் முன்னால் பார்த்த அதே வயல் மறுபடி இறக்கைக்குக் கீழே வரும்.

ஊர்ப் பெயரையும் நம்பிவிடாதீர்கள். "பாரிஸ்–போவே" விமான நிலையம் பாரிஸிலிருந்து சுமார் 85 கி.மீ. வடக்கே, "ஃபிராங்க்ஃபர்ட்–ஹான்" ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து கிட்டத்தட்ட 120 கி.மீ. மலிவு டிக்கெட்டில் மிச்சமானது பஸ்ஸுக்கே போய்விடும்.

எனக்குப் பெரிய தவறாகப் படுவது, விமான நேரத்தை ரயில் நேரத்தோடு அப்படியே ஒப்பிடுவதுதான். யூரோஸ்டார் ரயில் லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்திலிருந்து சுமார் 490 கி.மீ. ஓடி, சுமார் 2 மணி 20 நிமிடத்தில் பாரிஸின் கார் து நோர் நிலையத்தில் விடுகிறது. எல்லையில் பாஸ்போர்ட் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் வட்டத்தில் பிரிட்டன் இல்லை, அதனால் பாஸ்போர்ட் சோதனை உண்டு. ஆனால் ரயிலில் இரு நாட்டுச் சோதனையும் ஏறும் இடத்திலேயே முடிந்துவிடும், இறங்கியதும் நேரே வெளியே வந்து லா ஷப்பேல் தமிழ்க் கடைகளுக்கு நடந்தே போய்விடலாம். விமானம் என்றால் இரண்டு மணி நேரம் முன்னால் போய், இறங்கிய பிறகு பாஸ்போர்ட் வரிசை, அப்புறம் நகருக்குள் போக ஆர்இஆர் ரயிலில் அரை மணி நேரம். சரி, ஹௌன்ஸ்லோவில் குடியிருப்பவருக்கு ஹீத்ரோ பக்கத்திலேயே இருக்கிறது, செயின்ட் பாங்க்ரஸ் போகவே ஒரு மணி நேரம் ஆகலாம். அவர் கணக்கு வேறு.