ஸ்வரக் குறிப்பை எழுதவும் வாசிக்கவும் பழக்கும் முறை

நாகர்கோவிலிலும் சுற்றூர்களிலும் பாட்டுப் படிக்க வரும் பிள்ளைகளில், ஆலயப் பாடகர் குழுவில் மேற்கத்திய இசையின் ஐந்து கோட்டுக் குறிப்பைக் கண்டு பழகியவர்களும் காதால் மட்டுமே கற்றவர்களும் உண்டு. யாராயினும், சரளி வரிசை என்ற தொடக்க ஸ்வரப் பயிற்சி தொண்டையில் படிந்த பிறகே கர்நாடக இசையின் ஸ்வரக் குறிப்பை எழுதக் கொடுங்கள்.

முதலில் ஆதி தாளத்தின் ஒரு சுற்றிலுள்ள 8 அட்சரங்களுக்கும் (தாள எண்ணிக்கைகளுக்கும்) எட்டுக் கட்டங்கள் வரைந்து, நான்காவது, ஆறாவது கட்டங்களுக்குப் பின் ஒற்றைக் கோடும் எட்டாவதன் பின் இரட்டைக் கோடும் போடச் செய்து, "ஸ ரி க ம | ப த | நி ஸ ||" என்று நிரப்பச் சொல்லுங்கள். கடைசி ஸ மேல் ஸ்தாயியில் (உயர்ந்த ஒலி மண்டலத்தில்) வருவதால் அதன் தலையில் புள்ளி வரும். தாழ்ந்த மந்திர ஸ்தாயிக்குப் புள்ளி கீழே.

பெரும்பாலோர் தடுமாறுவது நீட்டலில்தான். 'ஸ' 1 அட்சரம், 'ஸா' 2. காற்புள்ளி 1, அரைப்புள்ளி 2. என்னிடம் பயிலும் சிறுமி ஒருத்தி "ஸ ரி க ம | ப , | ஸ ரி ||" என்பதில் காற்புள்ளியை விட்டுவிட்டாள். தவற்றைச் சொல்லாமல், தாளம் போட்டபடி அவள் எழுதியதையே வாசிக்க வைத்தேன். ஏழிலேயே எழுத்து தீர்ந்து கடைசி வீச்சு (கையைத் திருப்பிப் போடும் எட்டாவது எண்ணிக்கை) மீந்ததும் அவளே பென்சிலை எடுத்துத் திருத்தினாள். இப்படித் திருத்துவதையே நான் பெரிதும் நம்புகிறேன்.

இரண்டாம் காலத்துக்கு (இரட்டை வேகத்துக்கு) ஸ்வரங்களின் மேல் கோடிட்டு, ஓர் ஆவர்த்தனத்தில் (தாளச் சுற்றில்) 16 எழுதலாம். ராகப் பெயரைத் தலைப்பில் எழுதாமல் விடக்கூடாது; ஏனெனில் மாயாமாளவகௌளை ராகத்தின் தாழ்ந்த சுத்த ரிஷபமும் கல்யாணி ராகத்தின் உயர்ந்த சதுச்ருதி ரிஷபமும் நோட்டில் ஒரே 'ரி'யாகத்தான் நிற்கும்.

பிறகு, நான்கு ஸ்வரங்களை மட்டும் நீங்கள் அகாரத்தில் (ஸ்வரப் பெயர் சொல்லாமல் 'ஆ' என்று) பாடி, அவர்களை எழுதச் சொல்லி, நோட்டுகளை மாற்றிக்கொண்டு ஒருவர் எழுதியதை மற்றவர் பாடட்டும்.