முட்டத்துப் பாறையும் அந்தி வானமும்

முட்டம் கடற்கரையில் பாறையையும் அந்தி வானத்தையும் ஒரே படத்தில் பிடிக்கப் போய் மூன்று மாலைகள் ஏமாந்து திரும்பினேன். கேமராவில் பாறைக்கு ஒளியை அளந்தால் படத்தில் வானம் வெளுத்தது. வானத்துக்கு அளந்தால் பாறை கரிக்கட்டையானது. மேல்பாதி இருண்ட ஃபில்டரை மாட்டினேன். அடிவானத்துக்கு மேல் நீண்டிருந்த பாறை முனையையும் அது கறுப்பாக்கிவிட்டது. தடையில்லாத அடிவானத்துக்குத்தான் அது பொருந்தும்.

நான்காம் நாள் கேமராவை முக்காலியில் நிறுத்தி, லென்ஸ் துளையின் அளவு எஃப் 8, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 100 இரண்டையும் மாற்றாமல், ஒளி விழும் நேரத்தை மட்டும் 1/250, 1/60, 1/15 நொடி எனக் கூட்டி மூன்று படங்களை ரா கோப்பாக, அதாவது கேமரா பதிந்த தகவல் சுருக்கப்படாத கோப்பாக எடுத்தேன். ஒளி குறைவாக விழுந்த முதல் படத்தின் வானத்தையும், அதிகம் விழுந்த மூன்றாவதன் பாறையையும் கணினியில் இணைத்தேன். அலைகள் மட்டும் இரட்டையாகத் தெரிந்தன. கடல் முழுவதையும் நடுப்படத்திலிருந்து எடுத்ததும் சரியானது. இப்போது பாறை இடுக்கின் பச்சைப் பாசிகூடத் தெரிகிறது. சூரியனின் செம்மஞ்சள் விளிம்பும் கலையாமல் இருக்கிறது.